அம்மானின் இசைத்தட்டு

2022ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஒரு நாட் காலை படுக்கையை விட்டு எழுந்தபோது, என் வலக்காதில் கடலிரைச்சல் போன்றதோர் ஓசை நிறைந்திருந்தது. வேறொன்றும் அக்காதிற் கேட்கவில்லை. சளி பிடித்திருக்கும், அல்லது கிணற்றடியில் குளிக்கையில் நீர் புகுந்திருக்கும் என்று எண்ணி, நல்லெண்ணெய் இரண்டு துளி விட்டுக்கொண்டு கல்லூரிக்குப் போய்விட்டேன். தவணைப் பரீட்சை விடைத்தாள்கள் கட்டுக் கட்டாய் மேசைமேற் கிடந்த காலம் அது. இன்றைக்கு, நாளைக்கு என்று மூன்று வாரங்கள் கழிந்தன. பின்னர் வைத்தியரிடம் போனபோது அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். கேள்வி நரம்பு திடீரெனச் சோர்ந்துபோகும் நோய் இது என்றும், முதற் சில நாட்களிலேயே வந்திருந்தால் மருந்து பலன் தர இடமுண்டு என்றும் சொன்னார். மருந்து தந்தார்; உட்கொண்டேன்; பலனில்லை. குற்றம் என்னுடையதே. இதனை வாசிக்கும் எவருக்கேனும் ஒரு நாட் காலையில் அவ்வாறு காது அடைத்துக்கொண்டால், எண்ணெய்ப் போத்தலைத் தேடாது வைத்தியரைத் தேடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

ஒரு காது போனால் பாதிச் செவிப்புலன் போகும் என்று எண்ணியிருந்தேன். கணக்கு அவ்வளவு எளிதன்று. போவது முக்கியமாகத் திசை. ஓர் ஓசை நமது இரு காதுகளையும் ஒரே கணத்தில் வந்தடைவதில்லை. ஒரு காதுக்கும் மறு காதுக்கும் இடையே ஒரு செக்கனின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான கால வேறுபாடு உண்டு. அந்த நுண்ணிய வேறுபாட்டையும், ஒலியின் வலிமையில் உள்ள ஏற்றத்தாழ்வையும் கொண்டே மூளை திசையறிகிறது. பௌதிகவியல் ஆசிரியனாகிய நான் இதனை எத்தனையோ வகுப்புகளிற் படிப்பித்திருக்கிறேன். ஆயினும் ஒரு பையன் "சேர்" என்று கூப்பிட, எந்த வாங்கிலிருந்து குரல் வந்தது என்று அறியாமல் வகுப்பு முழுவதையும் கண்ணால் துழாவி நின்ற அன்றுதான் அப்பாடம் எனக்கு விளங்கிற்று. கோவிலில் சுவாமி வீதிவலம் வரும்போது நாதஸ்வரம் தெற்கு வீதியில் ஒலிக்கிறதா, மேற்கு வீதியில் ஒலிக்கிறதா என்று இப்போது என்னாற் சொல்ல இயலாது. இசை இருக்கிறது; அது நிற்குமிடம் இல்லை.

இசை கேட்பதில் எனக்குச் சிறு வயது முதலே பைத்தியம். காது போன சில கிழமைகளில், பழைய வழக்கப்படி கைத்தொலைபேசியிற் குழாய்களைச் செருகி ஒரு பாட்டைப் போட்டேன். பீற்றில்ஸ் குழுவினர் 1967இல் வெளியிட்ட 'சார்ஜன்ட் பெப்பர்ஸ் லோன்லி ஹாட்ஸ் கிளப் பாண்ட்' என்னும் தொகுப்பின் கடைசிப் பாட்டு அது. ஸ்டீரியோ என்னும் இருவழிப் பதிவில் ஜோன் லெனனின் குரல் வலப்புறத்தே நின்று தொடங்கி, பாட்டு வளர வளர இடப்புறம் நகர்ந்து வரும். நல்ல காதுடையோர்க்கு அது ஓர் இன்பம். எனக்கோ இடக்காதில் கித்தார் தெளிவாகக் கேட்டது. பாடுபவர் எங்கோ அடுத்த வீட்டில் நின்று பாடுவது போலக் குரல் நிழலாய் வந்தது. குழாயைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுச் சற்றுநேரம் சும்மா இருந்தேன்.

என் மகளுக்கு அப்போது வயது பதினைந்து. என் முகத்தைப் பார்த்து விஷயத்தை ஊகித்துக்கொண்டாள். "அப்பா, தாருங்கோ" என்று தொலைபேசியை வாங்கி, அதற்குள் எங்கேயோ புகுந்து, எதனையோ அழுத்தித் திருப்பித் தந்தாள். இரு வழிகளையும் ஒன்றாகக் கூட்டி ஒரே காதிற் கொடுக்கும் ஏற்பாடு அக்கருவிகளிலே உண்டாம். செவிப்புலன் குறைந்தோர்க்கென்றே வைத்திருக்கிறார்கள். மோனோ என்று அதற்குப் பெயர்.

அச்சொல்லை நான் பல்லாண்டுகளாகக் கேட்கவில்லை. கேட்டதும் என் அம்மானின் நினைவு வந்தது.

அம்மான் என் தாயாரின் தமையன். 1966இல் பொறியியல் படிக்க இலண்டனுக்குப் போனவர். 1967ஆம் ஆண்டு ஜூன் மாதம் அந்த இசைத்தட்டு வெளிவந்த போது, உண்ணுஞ் செலவை ஒறுத்துக் காசு சேர்த்து வாங்கினாராம். கடையில் ஒரே தொகுப்பு இருவகைத் தட்டாக இருந்தது. ஒன்று மோனோ, மற்றது ஸ்டீரியோ. அவர் குடியிருந்த வீட்டில் ஒற்றை ஒலிபெருக்கியுடைய பெட்டி ஒன்றே இருந்தமையால் மோனோத் தட்டை வாங்கினார். அக்காலத்து ஆங்கிலேய இளைஞருட் பெரும்பாலார் செய்ததும் அதுவே. படிப்பு முடித்து ஊர் திரும்பியபோது ஒரு பெட்டி நிறையப் புத்தகங்களும் ஏழெட்டு இசைத்தட்டுகளும் கொண்டுவந்தார். பாட்டனாருக்கு அது பெரிய ஏமாற்றம். மகன் மோட்டார்க் கார் வாங்கக் காசு கொண்டுவருவான் என்று அவர் எதிர்பார்த்திருந்தார்.

1980களில் அம்மான் அத்தட்டை ஒரு கசற்றிற் பதிந்து வைத்தார். தட்டின் ஒரு பக்கம் ஏறக்குறைய இருபது நிமிடம். அறுபது நிமிடக் கசற்றின் ஒரு பக்கத்தில் அது தாராளமாக அடங்கும். அவ்வாறு பதிந்துவைத்தது எவ்வளவு நல்லதாயிற்று என்பது 1990ஆம் ஆண்டின் நடுப்பகுதியிலே தெரிந்தது. யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றது. மின்கலங்களுக்கும் தடை வந்தது. இசைத்தட்டுப் பெட்டி துணி போர்த்து மூலையில் இருந்தது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதிகட்டையைக் கையாற் சுழற்றி, பின்சில்லில் உராயும் தைனமோவிலிருந்து மின்னெடுத்து வானொலி கேட்கும் வழக்கம் ஊரெங்கும் உண்டாயிற்று. அம்மான் பொறியியலாளர் அல்லவா? ஆடலோட்ட மின்னை நேரோட்டமாக்கும் சிறு உறுப்புகளைச் சேர்த்துப் பொருத்தி, கசற் பெட்டியையே அதில் ஓடவிட்டார். சுழற்றும் உத்தியோகம் எனக்கு. வயது பதினொன்று.

அந்தப் பணியில் ஓர் இடர் இருந்தது. கை ஓய்ந்தால் பாடகர் உறக்கத்திற் பிதற்றுவது போற் பிதற்றுவார். அம்மான் சாய்மனைக் கதிரையிற் கண்மூடிக் கிடந்தபடியே, "தம்பி, நித்திரை கொள்ளாதை" என்பார். ஆதலால் நான் எப்பொழுதும் வேகமாகவே சுழற்றுவேன். அப்பொழுது அவர் ஒன்றும் சொல்வதில்லை.

அத்தொகுப்பில் அம்மானுக்கு மிக விருப்பமான பாட்டு, வீட்டைவிட்டுப் போகும் ஒரு பெண்ணைப் பற்றியது. பத்திரிகையில் வந்த ஓர் உண்மைச் செய்தியைப் படித்துப் போல் மக்காட்னி ஆக்கியது. விடியற்காலையில் ஒரு கடிதம் எழுதிவைத்துவிட்டு அப்பெண் போய்விடுகிறாள்; பெற்றோர் கண்விழித்துத் திகைக்கின்றனர். கித்தாரும் இல்லை, முரசும் இல்லை. யாழும் வயலின் முதலான நரம்பிசைக் கருவிகளும் மாத்திரமே. யாழை வாசித்தவர் ஷீலா புரொம்பேர்க் என்னும் பெண்மணி. அம்மான் அதன் கதையைக் குசினிப் பக்கம் போய் மாமிக்குத் தமிழிற் சொன்னார். மாமி அரிசி கிளைந்தபடியே, "பிறகு அந்தப் பிள்ளை திரும்பி வந்ததோ?" என்று கேட்டா. பாட்டில் அது இல்லை என்றார் அம்மான். அந்த ஆண்டுகளில் எங்கள் அயலிலும் இரண்டு வீடுகளில் அப்படிக் கடிதங்கள் கிடந்தன. அவற்றுள் ஒன்று மாமியின் சிநேகிதி வீடு. அதன்பின் சில மாதங்கள், அப்பாட்டு வரும்போது மாமி பின்வாசலுக்குப் போய்விடுவா. அம்மானும் அதனைக் கவனித்து, சத்தத்தைக் குறைத்துக்கொள்வார்.

1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆந் தேதி இரவு ஊரோடு நாமும் புறப்பட்டோம். சைக்கிள் வந்தது, கசற் வரவில்லை, தட்டும் வரவில்லை. மறு ஆண்டு திரும்பியபோது வீட்டிற் கூரையின் பாதி இருந்தது. தட்டு வைத்திருந்த அலுமாரி இல்லை. அம்மான் குடும்பத்தோடு வெள்ளவத்தைக்குப் போய்விட்டார்.

1999இல் நான் பேராதனையிற் பௌதிகவியல் மாணவன். கொழும்பில் ஒரு கடையில் அதே தொகுப்பைக் குறுந்தட்டாகக் கண்டேன். உதவிப்பணத்தில் மிச்சம் பிடித்து வாங்கிக்கொண்டு நேரே வெள்ளவத்தைக்குப் போனேன். அம்மானுடைய மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. புதிய பெட்டி, இரண்டு ஒலிபெருக்கி. இடமும் வலமும் பிரிந்து இசை சுவரெல்லாம் பரந்தது. நான் பெருமையோடு அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெண்ணின் பாட்டு வந்தது. அம்மானின் முகம் சுருங்கிற்று.

"இது அது இல்லை, தம்பி. ஆறின தேத்தண்ணி மாதிரி இருக்கு."

எனக்கும் அப்படித்தான் இருந்தது. பாட்டு மெதுவாக நடந்தது, சுருதியும் தாழ்ந்திருந்தது. ஆனால் நான் பல்கலைக்கழக மாணவன். எதற்கும் காரணம் என் கையில் இருந்தது. தைனமோவை வேகமாகச் சுழற்றினால் மின்னழுத்தம் ஏறும், கசற்றின் மோட்டார் விரைந்து ஓடும், சுருதி உயரும். நாம் ஐந்து வருடம் கேட்டது என் கைவேகத்தைத்தான், பாட்டை அல்ல என்று விளக்கினேன். அம்மான் முழுவதையும் கேட்டிருந்துவிட்டு, "அப்ப நான் இலண்டனிலை கேட்டதுக்கு ஆர் மிதிச்சது?" என்றார்.

அறையிலிருந்தோர் சிரித்தார்கள். நான் தோற்க விரும்பவில்லை. "முப்பது வருடம் போய்விட்டது, அம்மான். ஞாபகமும் வேகமாக ஓடும்" என்றேன். மீண்டும் சிரித்தார்கள், இம்முறை என் பக்கமாக. அம்மான் சிரிக்கவில்லை. எழுந்து போய்க் குறுந்தட்டை நிறுத்தினார். அதன்பின் எந்தக் கலியாண வீட்டிலும் செத்த வீட்டிலும் உறவினர் கூடினால், 'மருமகன் மிதித்த பாட்டு' என்பது ஒரு பகிடியாயிற்று. நானே அதனைச் சொல்லித் திரிந்தேன். அம்மான் அத்தொகுப்பைப் பற்றிப் பின்னர் என்னோடு பேசியதில்லை. 2011இல் காலமானார்.

இனி, அவ்விருவகைத் தட்டுகளின் கதையைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும்.

இருவழி ஒலி புதிய கண்டுபிடிப்பன்று. இலண்டனில் ஈ.எம்.ஐ. நிறுவனத்திற் பணியாற்றிய அலன் புளும்லைன் என்னும் பொறியியலாளர், 1931ஆம் ஆண்டு டிசம்பர் 14ஆந் தேதியே அதற்குரிய உரிமைப்பத்திரத்திற்கு விண்ணப்பித்துவிட்டார். படமாளிகையில் நடிகர் திரையின் ஓரத்துக்கு நடந்து போனாலும் குரல் ஒரே இடத்திலிருந்து வருவதைக் கண்டு அவருக்கு அந்த எண்ணம் உதித்தது என்று சொல்வார்கள். ஒரு தட்டின் ஒரே பள்ளத்தில் இரண்டு ஒலிகளை எழுதும் வழியையும் அவரே கண்டார். பழைய தட்டில் ஊசி இடமும் வலமுமாக மாத்திரம் ஆடும். இருவழித் தட்டிலோ பள்ளத்தின் இரு சுவர்களும் சரிந்து நின்று, ஒவ்வொரு சுவரும் ஒவ்வோர் ஒலியைத் தாங்கும். ஊசி பக்கவாட்டிலும் மேலுங் கீழுமாகவும் ஆடி இரண்டையும் பிரித்தெடுக்கும். எவ்வளவு அழகான யோசனை! ஆயின் புளும்லைன் அதன் பயனைக் காணவில்லை. 1942ஆம் ஆண்டு ஜூன் மாதம், விமானத்தில் ராடார்க் கருவியைச் சோதிக்கையில் அது வீழ்ந்து நொறுங்க, முப்பத்தெட்டாம் வயதில் இறந்தார். பிரித்தானியாவில் இருவழித் தட்டுகள் 1958இலேதான் கடைக்கு வந்தன.

வந்த பின்னரும் பல்லாண்டுகள் அவை பணக்காரர் வீட்டுப் பண்டமாகவே இருந்தன. சிறுவர் சிறுமியர் வாங்கும் பாட்டுகளுக்கு ஒற்றைவழியே அரசு. வானொலியும் ஒற்றைவழி. ஆதலால், 1967இல் அபி றோட்டிலுள்ள ஈ.எம்.ஐ. கலையகத்தில் இத்தொகுப்பை ஆக்கியோர், மோனோ வடிவத்தையே உண்மையான வடிவம் என்று கருதி உழைத்தனர். தயாரிப்பாளர் ஜோர்ஜ் மாட்டின். ஒலிப்பொறியாளர் ஜெப் எமரிக், இருபத்தொரு வயது இளைஞர். இக்குழுவினர் 1963இல் தமது முதற் தொகுப்பின் பத்துப் பாட்டுகளை ஒரே நாளிற் பதிந்தவர்கள். இதற்கோ 1966 நவம்பர் முதல் 1967 ஏப்பிரல் வரை ஐந்து மாதங்கள் எடுத்தார்கள்.

அவர்களிடமிருந்த பதிவுக்கருவிகளில் நான்கே தடங்கள். நான்கும் நிறைந்ததும் அவற்றைக் கலந்து இன்னொரு நாடாவுக்கு மாற்றி, இடம் பண்ணிக்கொண்டு மேலும் பதிவார்கள். மகளின் தொலைபேசியில் இன்று அதைவிட அதிகத் தடங்கள் உண்டு. கடைசிப் பாட்டுக்கு நாற்பது வாத்தியக்காரரை அழைத்து, தத்தம் கருவியின் தாழ்ந்த சுரத்திலிருந்து உயர்ந்த சுரத்துக்குத் தம் விருப்பப்படி ஏறச் சொன்னது 1967 பெப்ரவரி 10ஆந் தேதி. ஜோர்ஜ் ஹரிசனின் பாட்டொன்றுக்குத் தபேலா, தில்ருபா, தம்பூரா, சுரமண்டலம் என்பவற்றை வாசித்தோர் இலண்டனில் வாழ்ந்த இந்தியக் கலைஞர். தம்பூராவின் சுருதி மேலைநாட்டு வயலின்களின் கீழே நிலைத்து நிற்பதை நம்மவர் கேட்டாற் புன்னகை செய்யாதிரார். தியாகராச சுவாமிகளைக் கேட்டு வளர்ந்த என் தாயாருக்கு அத்தொகுப்பிற் பிடித்தது அது ஒன்றுதான். மற்றவையெல்லாம் அவவுக்கு 'அண்ணையின் இரைச்சல்'.

பதிந்த பின்னர் கலக்கும் வேலை. எந்தக் குரல் எவ்வளவு ஓங்கவேண்டும், எது எந்தக் கணத்தில் தாழவேண்டும் என்று கையாற் கருவிகளைத் தள்ளித் தள்ளிச் செய்யும் வேலை அது. இருமுறை செய்தால் இருமுறையும் ஒன்றுபோல் அமையாது. மோனோக் கலவையை நால்வரும் கூட இருந்து, திருப்பித் திருப்பிக் கேட்டு, வாரக்கணக்கிற் செய்தனர். அது முடிந்ததும் அவர்கள் போய்விட்டார்கள். ஸ்டீரியோக் கலவையை மாட்டினும் அவருடைய உதவியாளரும் சில நாட்களிற் செய்து முடித்தார்கள். உலகம் பின்னர் எந்த வடிவத்தைக் கேட்டு வளர்ந்ததோ, அந்த வடிவம் இவ்வாறு அவசரத்திற் பிறந்தது. 1969இல் வெளியான 'அபி றோட்' தொகுப்பு பிரித்தானியாவிலும் ஸ்டீரியோவாக மட்டுமே வந்தது. மோனோ ஏழைகளின் தட்டாகிப் பழைய கடைகளுக்குப் போயிற்று. 1987இல் இத்தொகுப்பு குறுந்தட்டானபோதும் ஸ்டீரியோவே கிடைத்தது. நான் கொழும்பில் வாங்கியதும் அதுவே.

இவற்றில் எதனையும் நான் அன்று அறிந்திலேன். அறிந்திருந்தால் அந்தப் பகிடி பிறந்திராது.

மகள் அமைத்துத் தந்த ஏற்பாட்டுக்கு வருகிறேன். இரு வழிகளும் ஒரே காதில் வந்தன. இழந்த குரல் திரும்பிற்று. ஆயினும் ஏதோ பொருந்தவில்லை. சில நாள் யோசித்தபின் காரணம் புரிந்தது. ஸ்டீரியோவில் நடுவே நிற்கும் ஒலி இரு வழிகளிலும் உள்ளது. ஓரத்தில் நிற்பது ஒரு வழியில் மாத்திரம் உள்ளது. இரண்டையும் கூட்டும்போது நடுவிலுள்ளது இரட்டித்து முன்னே வருகிறது. ஓரத்திலுள்ளது ஒப்பளவிற் பின்தங்குகிறது. இருவர் சமைத்த கறிகளை ஒரு சட்டியிற் கொட்டிக் கிளறுவது ஒருவர் பக்குவமாய்ச் சமைத்த கறி ஆகாது. உண்மையான மோனோ என்பது ஒரே ஒலிபெருக்கிக்கென்று நினைத்து அளந்து கலந்தது.

அக்காலத்திலேயே, அமெரிக்க 'பீச் போய்ஸ்' குழுவின் பிரையன் வில்சனைப் பற்றி வாசித்தேன். 1966இல் அவர் ஆக்கிய 'பெற் சவுண்ட்ஸ்' என்னும் தொகுப்பு, பீற்றில்ஸ் குழுவினரையே 'நாமும் இதுபோல் ஒன்று செய்யவேண்டும்' என்று எண்ணவைத்தது. அதுவும் மோனோவாகவே ஆக்கப்பட்டது. வில்சனுக்குச் சிறு வயது முதலே ஒரு காது ஏறக்குறையச் செவிடு. என்னைப் போலவே வலக்காது. முழுத் தொகுப்பின் ஸ்டீரியோக் கலவை 1990களிலே, பிறர் கையால்தான் வந்தது. 2025ஆம் ஆண்டு ஜூன் மாதம் அவர் காலமான செய்தியை வாசித்தபோது, ஒரு வகுப்புத் தோழன் போனது போல் இருந்தது. சிரிக்கவேண்டாம், ஒற்றைக் காதுடையோர்க்கு உறவினர் குறைவு.

2024இல் அம்மானின் ஆண்டுத் திவசத்துக்கு இலண்டனிலிருந்து அவர் மகன் வந்திருந்தார். எனக்கு மைத்துனர் முறை. என்னிலும் மூன்று வயது மூத்தவர். திருத்திக் கட்டிய பழைய வீட்டிலேதான் திவசம். மாமியும் வெள்ளவத்தையிலிருந்து வந்திருந்தா. ஐயரை அனுப்பி, பந்தி முடிந்து, உறவினர் கலைந்தபின், மைத்துனர் தம் பையிலிருந்து ஒரு குறுந்தட்டை எடுத்தார். 2009ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதம் பீற்றில்ஸ் தொகுப்புகளின் மோனோ வடிவங்கள் ஒரு பெட்டியாக வெளிவந்தன என்றும், அதில் ஒன்று இது என்றும் சொன்னார். "உமது காதுக்கு இது தோதாயிருக்கும்" என்றார்.

மகளின் கணினியிற் போட்டோம். முதற் பாட்டிலேயே முரசு நெஞ்சில் இடித்தது. மூன்றாம் பாட்டில் குரல்கள் நீரிற் சுழல்வன போலச் சுழன்றன. ஸ்டீரியோவில் அந்தச் சுழற்சி அவ்வளவு இல்லை. எந்தக் காது இல்லை என்ற நினைவே எனக்கு எழவில்லை. அங்கே எல்லாரும் ஒரே இடத்தில் நின்று பாடினார்கள். நானும் அந்த இடத்தைக் கேட்டேன். பிறகு யாழ் ஒலித்தது.

பாட்டு வேகமாக நடந்தது. சுருதி உயர்ந்திருந்தது. நான் பதினொரு வயதில், கை வலிக்க வலிக்கச் சுழற்றியபோது கேட்ட அதே பாட்டு.

நான் மைத்துனரைப் பார்த்தேன். "இது ஏன் இப்படி?" என்று கேட்டேன். மோனோக் கலவை செய்யும்போது இந்தப் பாட்டின் நாடாவை வேண்டுமென்றே விரைந்து ஓடவிட்டார்கள் என்றும், ஸ்டீரியோவில் அவ்வாறு செய்யாது விட்டார்கள் என்றும், ஏறக்குறைய அரைக் கட்டை வித்தியாசம் என்றும் சொன்னார். 2017இல் ஜோர்ஜ் மாட்டினின் மகன் ஜைல்ஸ் மாட்டின் புதிதாக ஒரு ஸ்டீரியோக் கலவை செய்தபோது, மோனோவின் வேகத்தையே பின்பற்றினாராம். "இது எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தானே?" என்றார் மைத்துனர். அவர் இலண்டனுக்குப் போனது 1997இல். வெள்ளவத்தை வீட்டில் அன்று நடந்ததை அவர் அறியார்.

நம்பாமல் அல்ல, ஆசிரியப் புத்தியால், மகளின் சங்கீத வகுப்புச் சுருதிப் பெட்டியை எடுத்துவரச் சொல்லி, இரு வடிவங்களையும் மாறி மாறிப் போட்டுச் சேர்த்துப் பார்த்தேன். ஒன்றுக்குச் சேர்த்த சுருதி மற்றதற்குச் சேரவில்லை. மோனோவுக்குக் குமிழை ஏறக்குறைய அரைக் கட்டை உயர்த்தவேண்டியிருந்தது. என் கையும் சிறிது கூட்டியிருக்கும்; ஐந்து வருடச் சுழற்சியில் அது கூடாமலா இருந்திருக்கும்? ஆனால் இலண்டனில் ஒருவரும் மிதிக்கவில்லை.

மாமி விறாந்தையிற் பாயில் அமர்ந்து வெற்றிலைத் தட்டத்தை ஒழுங்குபண்ணிக்கொண்டிருந்தா. நான் அருகே போய் இருந்தேன்.

"மாமி, அம்மான் சொன்னதுதான் சரி."

"எதைச் சொன்னவர்?"

சொன்னேன். தைனமோவை, குறுந்தட்டை, வெள்ளவத்தையில் எல்லாரும் சிரித்ததை. மாமி பொறுமையாகக் கேட்டா. ஒன்றும் அவவுக்கு நினைவில்லை. "அவர் அப்படித்தான், பாட்டென்றால் விடமாட்டார்" என்றா. பிறகு, "அந்தப் பிள்ளையின்ரை பாட்டோ?" என்று கேட்டா. ஆம் என்றேன். "அப்ப இன்னொருக்காப் போடு" என்றா. பின்வாசலுக்குப் போகவில்லை.

போட்டோம். பின்னர் மிச்சத்தையும் கேட்டோம். கடைசிப் பாட்டின் முடிவில் பல பியானோக்களை ஒருங்கே அழுத்திய அந்த ஒரு நாதம் நாற்பது செக்கனுக்கு மேல் நின்று தேய்ந்து அடங்கிற்று. அதன்பின் தட்டின் முடிவில் ஓர் ஒலியை வேடிக்கைக்காகப் பதிந்து வைத்திருக்கிறார்கள். செக்கனுக்கு ஏறக்குறைய பதினைந்தாயிரம் அதிர்வு, நாய்களுக்கென்று. அம்மான் அதைச் சொல்லி, சிறுவராகிய எங்களை நாயின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கச் செய்வார். நாய் ஒரு நாளும் அசைந்ததில்லை. கசற் நாடாவில் அந்த ஒலி தங்கவில்லை என்பது இப்போது எனக்குத் தெரியும்.

நானும் மைத்துனரும் ஒன்றும் கேளாமல் கணினியையே பார்த்துக்கொண்டிருந்தோம். நாற்பது வயது தாண்டிய காது அவ்வளவு உயரத்துக்கு எட்டுவது அரிது. இரண்டு காது இருந்தாலும் அப்படித்தான். மகள் முகத்தைச் சுளித்தாள். "என்னப்பா இது, கீச்சென்று?" என்றாள்.

வாசற்படியிற் படுத்திருந்த நாய் தலையை நிமிர்த்திப் பார்த்துவிட்டு, மறுபடியும் படுத்துக்கொண்டது.